மாலாவுக்கு மாற்றிய ஸ்டியரிங்

பதினொன்று புள்ளி முப்பத்தெட்டு. இந்த எண்ணை என் முன்னால் யாரும் சொல்லக்கூடாது. சாலாக் செலாத்தானில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டேதான் சொல்வார்கள். "அண்ணே, அண்ணி லெவன் தர்ட்டி எய்ட் அடிச்சாங்களாமே" என்பான் ஆயில் மாற்ற வந்தவன். ஆயில் மாற்ற வந்தால் ஆயிலை மாற்றிக்கொண்டு போக வேண்டியதுதானே.

டிராக் ரேஸ் என்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. நானூறு மீட்டர், நேர் ரோடு. பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்பி அந்தக் கோடிக்கு எத்தனை வினாடியில் போகிறோம் என்பதுதான் கணக்கு. எங்கள் பழைய விரா காரை அந்த ரோட்டில் பத்து வருடம் ஓட்டியவன் நான். உள்ளே இருந்த சீட்டையெல்லாம் பிடுங்கிக் கம்பிக்கூண்டு போட்டவன் நான். ஜப்பான் கார்களைப் பாதியாக வெட்டி விற்கிற கிள்ளான் கடைக்கு எட்டு தடவை அலைந்து டர்போ எஞ்சினைக் கொண்டுவந்து மாட்டியவனும் நானே. என் சிறந்த நேரம் பதினொன்று புள்ளி அறுபத்திரண்டு.

என் பெண்டாட்டி ஜெயமாலா பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிறாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஃபைலும் கையுமாக இருப்பவள். போன வருடம் ஒரே ஒரு நாள் விராவில் ஏறினாள். முப்பத்தெட்டு அடித்துவிட்டு இறங்கினாள். இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "தண்ணி இருக்கா?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

எனக்கு வயிறு எரிந்தது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. பொறாமைதான். அடுத்த வீட்டுக்காரன் புதுக் கார் வாங்கினால் வருகிற பொறாமை இரண்டு நாளில் போய்விடும். இது கூடவே படுத்து, கூடவே எழுந்து, கூடவே காலையில் காபி குடித்தது.

அன்றைக்கு அவளை ஏற்றிவிட்டதும் நான்தான் என்பது இன்னும் கொடுமை. பேட்மிண்டன் ஆடி என் வலது தோளில் ஏதோ கிழிந்திருந்தது. வெளியே சொல்லவில்லை. நாற்பத்தொன்பது வயதில் தோள் போய்விட்டது என்று சொன்னால் கேட்கிறவன் அடுத்து என்ன சொல்வான்? "அப்ப இனிமே ஓட்டாதீங்க." அதனால் வயிற்று வலி என்று சொல்லிவிட்டேன். காலையில் சாப்பிட்ட நாசி லெமாக் மேல் பழியைப் போட்டேன். மாலா தன் சின்ன மைவி காரை எப்போதாவது கற்றுக்குட்டிகள் பிரிவில் ஓட்டுவதற்காக லைசன்ஸ் எடுத்து வைத்திருந்தாள். கட்டிய பந்தய ஃபீஸ் வீணாகிறதே என்று, "நீ சும்மா ஒரு தடவ போயிட்டு வா" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். சும்மாதான் போய்விட்டு வந்தாள்.

என் கூட்டாளி தனேஷிடம் இதற்கு நியாயம் கேட்டேன். தனேஷ்தான் ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங்கும் கம்ப்யூட்டர் டியூனிங்கும் பார்ப்பவன். முப்பத்தாறு வயசு, பொய் சொல்ல வராது. அது ஒரு குறைதான்.

"அவ அம்பத்திரெண்டு கிலோ தனேஷ். நான் தொண்ணூத்தொன்னு. அதான் வித்தியாசம்."

"நாப்பது கிலோவுக்கு பாயின்ட் ஒன்னுதான் அண்ணே வரும். மீதி பாயின்ட் ஒன் ஃபோர் அவங்க கைதான்."

"கையா? நேர் ரோட்டுல கைக்கு என்னடா வேலை?"

"அதான் சொல்றேன். நீங்க ஸ்டியரிங்க ஆட்டிக்கிட்டே போறீங்க. அவங்க ஆட்டல."

அதோடு விட்டானா? "அடுத்த மாசம் சிப்பாங்ல ரேஸ் இருக்கே, அதுக்கும் அண்ணியே ஓட்டட்டும் லா" என்று சேர்த்துச் சொன்னான். நான் ஸ்பானரை மேசைமேல் வைத்தேன். கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். அந்த சீட்டு என்னுடையது. பத்து வருடம் என் முதுகு பதிந்த சீட்டு. அதை விட்டுக்கொடுத்தால் ஆயில் மாற்றுகிற போமன், கார் மெக்கானிக், என்பதைத் தவிர நான் யார்? என் அப்பா ரயில்வே ஆபீசில் கணக்கு எழுதிய கிராணி, அண்ணன் டாக்டர். குடும்பத்தில் எண்ணெய்க் கையோடு திரிகிறவன் நான் ஒருவன். வருடத்தில் நாலு நாள், அந்தக் கூண்டுக்குள் உட்காரும்போது மட்டும் எனக்கு அது உறுத்துவதில்லை.

யோசனை வந்தது பிரிக்பீல்ட்ஸில். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மோனோரயில் தூணுக்குக் கீழே மாலாவுக்காகக் காத்திருந்தேன். மைவியில் வந்தாள். நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். ஒரு கையில் உளுந்து வடை. இன்னொரு கையின் ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைச் சுழற்றி, அந்த நெரிசலில் யூ-டர்ன் அடித்தாள். பவர் ஸ்டியரிங் செய்கிற வேலை அது. நான் அந்த மணிக்கட்டைப் பார்த்தேன். ஒரு வளையல் போட்டால் முழங்கை வரை போய் நிற்கும், அவ்வளவு ஒல்லி. எனக்குள் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

விராவின் பவர் ஸ்டியரிங்கைக் கழற்றிவிட்டால்? பம்ப் இருக்காது, உதவி இருக்காது, எல்லாம் கை பலம்தான். முன்னால் வேறு அகலமான ரேஸ் டயர். இந்தக் கை அதை எங்கே திருப்பப்போகிறது?

வீட்டுக்கு வந்ததும் தனேஷுக்கு போன் போட்டேன். மாலா பின்னால் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். டிவி சத்தமாக ஓடியது.

"தனேஷ், பவர் ஸ்டியரிங்க கழட்டிடலாம். மேனுவலுக்கு மாத்திடு."

"நாலு வருஷமா நான் இதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். 'நான் என்ன லோரியா ஓட்டறேன்'னு ஏசினீங்க."

"இப்ப நானே சொல்றேன்ல. எடை குறையும், எஞ்சினுக்கு இழுவ குறையும்."

"அது சரி. அண்ணிக்கு கஷ்டமா இருக்குமே, உருட்டறப்ப?"

நான் குரலைத் தாழ்த்தினேன். "அவளால திருப்ப முடியாது. அது மைவி கை. முடியலன்னா நான் ஏறிக்கிறேன், வேற என்ன பண்றது. நீ வேலைய ஆரம்பி."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மாலா ஒரு சட்டையை நான்காக மடித்து வைத்தாள். "என்னவாம்?" என்று கேட்டாள்.

"வண்டி எடைய குறைக்கணும்னு பேசிக்கிட்டு இருந்தோம்."

"குறைக்கணும்னா காலையில ரெண்டு ரொட்டி சானாய்ய ஒன்னாக்குங்க. பம்ப கழட்டறத விட அது லேசு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். இரு, கடைசிச் சிரிப்பு யாருக்கு என்று பார்க்கலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மேனுவல் ரேக் ஒன்று கிள்ளானில் பழைய பாகங்கள் விற்கிற கிஷன் கடையில் கிடைத்தது. ரேக் என்றால் ஸ்டியரிங் சுழற்சியை வாங்கி டயரை இடம் வலமாகத் தள்ளுகிற நீளக் கம்பிப் பகுதி. "பழைய பவர் ரேக்கயே வெச்சிட்டு ரெண்டு ஹோஸையும் ஒன்னா சேத்து விட்டா போதாதா, எல்லாரும் அப்படித்தானே செய்றான்" என்று கேட்டேன். தனேஷ் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படிச் செய்தால் நடுவில் ஒரு லூஸ் இருந்துகொண்டே இருக்கும், இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் அந்த லூஸ் ஆளைக் கொன்றுவிடும் என்றான். "செஞ்சா ஒழுங்கா செய்யணும். இல்லன்னா என்னக் கேக்காதீங்க." சரி என்றேன். எனக்குப் பொறாமைதான், கொலை வெறி இல்லை.

இரண்டு நாள் வேலை. பம்ப், அதன் பெல்ட், எண்ணெய் டப்பா, ஹோஸ்கள், பழைய ரேக் எல்லாவற்றையும் கழற்றினோம். புது ரேக்கின் எடை போக மிச்சம் பதினொரு கிலோ. ரேக்கை மாட்டி, ஸ்டியரிங் தண்டோடு இணைத்து, டயர்கள் நேராக நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தான். முன்பு ஸ்டியரிங் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக மூன்று சுற்று. இப்போது நாலு.

"இது இன்னும் நல்லதுண்ணே" என்றான் தனேஷ். "கை கொஞ்சம் ஆடினாலும் டயர் ரொம்ப ஆடாது. நேரா போகும்."

அவன் சொன்னது என் காதில் சரியாக ஏறவில்லை. ஏறியிருக்க வேண்டும். நான் உள்ளே உட்கார்ந்து, நிற்கிற வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்ப்பதிலேயே குறியாக இருந்தேன். அசையவில்லை. மூச்சைப் பிடித்து இழுத்தால் முனகிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தது. அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. அதே நேரத்தில் தோளில் சுருக்கென்று ஒரு வலி ஓடியது. இருமல் வந்தமாதிரி இருமிவைத்தேன். அவள் கையைப் பற்றி ஒரு வாரம் யோசித்தவன் என் தோளைப் பற்றி ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. பந்தயத்தன்று ஒரு ஊசி போட்டுக்கொண்டால் போதும் என்று அதை அதோடு முடித்துவிட்டேன்.

சனிக்கிழமை மாலா பார்க்க வந்தாள். உட்காரு, திருப்பு, முடியாமல் முழி என்று நான் காத்திருந்தேன். அவள் குனிந்து அடியில் பார்த்தாள்.

"எத்தன சுத்து?"

"நாலு."

"ம்." கையைத் துடைத்துக்கொண்டாள். "பூஜ போட்டுட்டு உக்கார்றேன்."

பூஜை விஷயத்தைச் சொல்ல வேண்டும். வண்டியில் பெரிய வேலை எது செய்தாலும் மாலாவின் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில், கிள்ளானில் இருக்கிற முருகன் கோயிலில் பூஜை போடுவோம். நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு வண்டியை எடுக்க வேண்டும். யார் எலுமிச்சம்பழத்தை நசுக்குகிறாரோ அவர்தான் அடுத்த பந்தயத்தில் ஓட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சாஸ்திரத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. நானே ஆரம்பித்து வைத்த வழக்கம். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை லோரியிலிருந்து விராவை இறக்கியதும், குருக்கள் சந்தனத்தைக் குழைக்கும் முன்பே நான் கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டேன். தனேஷ் மாலாவைப் பார்த்தான். மாலா கோபுரத்தைப் பார்த்து கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

தேங்காய் உடைந்தது. கற்பூரம் சுற்றியாயிற்று. பானட்டில் மூன்று விபூதிக் கோடு. நான் எஞ்சினைக் கிளப்பி, கிளட்சை விட்டேன். நாலு பழமும் நசுங்கின. வேடிக்கை பார்த்த பிள்ளைகள் கைதட்டின. சீட்டு என்னுடையது, முருகனே சாட்சி.

பிறகுதான் பார்த்தேன். முன்னால் கோயில் சுவர். பின்னால் புத்தம்புது பெசா கார் ஒன்று, பூஜைக்கு வரிசையில் நின்றது. இடது பக்கம் முழுக்க ஒடித்தால்தான் லோரி நிற்கிற இடத்துக்குப் போக முடியும். நான் ஒடித்தேன். கால் சுற்று வந்து நின்றது. திரும்ப ஒடித்தேன். வரவில்லை. பெசாக்காரர் ஜன்னலோரம் வந்து, "அண்ணே, பன்னெண்டுக்கு எமகண்டம், கொஞ்சம் சீக்கிரம் எடுங்க லா" என்றார். எல்லாரும் பார்க்கிறார்களே என்ற வேகத்தில் உடம்பு முழுவதையும் போட்டு ஒரு இழுப்பு இழுத்தேன். தோளுக்குள் டக்கென்று ஒரு சத்தம். எனக்கே கேட்டது. வலது கை மடியில் விழுந்தது. அதை எடுக்க முடியவில்லை.

கண்ணில் தண்ணீர் முட்டியது. எஞ்சின் கத்திக்கொண்டிருந்தது. குருக்கள் தட்டோடு நின்றார். நான் நேராகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

மாலா ஜன்னலுக்கு வந்து குனிந்தாள். "தோளா?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி.

அவளிடம் நான் தோளைப் பற்றிச் சொன்னதே இல்லை.

"எறங்குங்க."

ஒரு கையோடு கம்பிக்கூண்டிலிருந்து இறங்குவது எப்படி என்று யாரும் கேட்காதீர்கள். தனேஷ் இடுப்பைப் பிடித்து இழுத்தான். பிள்ளைகள் சிரித்தன. மாலா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே ஏறினாள்.

இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கோயில் வாசலில், கை தொங்கிக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் நான் முருகனிடம் வேண்டிக்கொண்டது, தோள் சரியாக வேண்டும் என்று இல்லை. இவளாலும் முடியக்கூடாது என்றுதான்.

மாலா நிற்கிற வண்டியில் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. கிளட்சைக் கொஞ்சம் விட்டு வண்டியை ஒரு சாண் உருள விட்டாள். உருளும்போது திருப்பினாள். கையால் இல்லை, இடுப்பிலிருந்து மேல் உடம்பு மொத்தத்தையும் சாய்த்து. சுவருக்கு நாலு விரல்கடை இருக்கும்போது பிரேக். பின்னால் ஒரு சாண், மறு பக்கம். திரும்ப முன்னால். மூன்றே அசைவு. விரா பெசாவைத் தொடாமல் நழுவி வெளியே வந்து லோரிக்கு நேராக நின்றது. முகத்தில் ஒரு சொட்டு வேர்வை கிடையாது.

வண்டிகளுக்கு இடம் காட்டுகிற வயசான ஆள் ஒருவர் என் பக்கத்தில் நின்று பார்த்தார். கழுத்தில் விசில் தொங்கியது.

"இது சின்னையா பொண்ணுல்ல?" என்றார். "ஸ்கூல் வேன் சின்னையா. அவருக்கு கால எடுத்தப்பறம் இந்த பொண்ணுதான் வேன் ஓட்டுச்சு. இருவது பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு இந்த லோரோங் சந்துலயே திருப்பும், பாத்திருக்கேன். நீங்க யாரு, டிரைவரா?"

"மருமகன்" என்றேன்.

மாலா என்னை மைவியில் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். ஷா ஆலம் தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"வேன் ஓட்டினேன்னு ஒரு வார்த்த சொல்லல நீ."

"சொன்னேன். கல்யாணமான புதுசுல. டிவியில ரேஸ் ஓடுச்சு, நீங்க 'ம்'னீங்க." சிக்னல் போட்டு ஓரம் மாறினாள். "பொண்ணு பாக்க வந்தப்ப சொல்லக்கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. வேன் ஓட்டற பொண்ணுன்னா கவர்ன்மென்ட் வேலக்காரங்க வீட்டுல என்ன நெனப்பாங்களோன்னு. அதுக்கு பவர் ஸ்டியரிங்லாம் கெடயாது. மொதல் மாசம் கையெல்லாம் வீங்கிப்போச்சு. அப்பறம் அப்பாதான் சொன்னாரு, நிக்கிற வண்டியோட மல்லுக்கட்டாதே, உருள விட்டுத் திருப்புன்னு."

பதினெட்டு வருடக் குடித்தனம். அவளுக்குக் கத்தரிக்காய் சேராது என்று எனக்குத் தெரியும். எந்த வண்டியில் ஓட்டக் கற்றுக்கொண்டாள் என்று தெரியாது. ஆழம் தெரியாமல் காலை விட்டவன் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

டாக்டர் மூன்று மாதம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றார். எலுமிச்சம்பழத்தை நசுக்கியவன் நான்தான் என்று சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தொட்டில் கட்டிய கையோடு அதை எப்படிச் சொல்வது?

சிப்பாங் பந்தயத்தன்று மத்தியானம் நல்ல வெயில். நான் வேலியோரம் நின்றேன். சூடு அதிகமானால் எஞ்சின் கொஞ்சம் திணறும். அதனால் முப்பத்தெட்டைவிட மோசமாகத்தான் வரும் என்று ஒரு நப்பாசை. பச்சை எரிந்தது. விரா கிளம்பியது. பத்து வருடம் உள்ளே இருந்து ஓட்டியிருக்கிறேனே தவிர, அந்த வண்டி வெளியிலிருந்து எப்படித் தெரியும் என்று நிதானமாகப் பார்த்ததில்லை. நான் ஓட்டும்போது எடுத்த வீடியோக்களில் பின்பக்கம் இப்படியும் அப்படியும் அலையும். இப்போது அலையவில்லை. கோடு போட்டமாதிரி போனது. பலகையில் எண் விழுந்தது: 11.19.

தனேஷ் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தான். நான் சந்தோஷப்பட்டேனா என்றால், பட்டேன். பத்தில் இரண்டு பங்கு இருக்கும். மீதி எட்டும் எரிந்துகொண்டிருந்தது. நான் கழற்றிய பம்ப், நான் போட்ட யோசனை, நான் வெட்டிய குழி. அதில் அவள் பூச்செடி நட்டுவிட்டாள்.

அவள் பிரிவில் முதலிடம். கோப்பை கொடுக்கிற இடத்தில் அறிவிப்பாளர் அவள் வாயருகே மைக்கை நீட்டி, "அக்கா, எப்படி இவ்ளோ ஸ்ட்ரெய்ட்டா போறீங்க, என்ன ரகசியம்?" என்று கேட்டார்.

மாலா மைக்கைக் கையில் வாங்கினாள். "எங்கப்பா ஸ்கூல் வேன் ஓட்டினாரு. நான் அதுலதான் கத்துக்கிட்டேன், பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி. எனக்கு அதான் கைக்கு பழக்கம். அதுக்காகவே என் வீட்டுக்காரரு இந்த வண்டியோட பவர் ஸ்டியரிங்க கழட்டிட்டு மேனுவல் மாத்திக் கொடுத்தாரு. இந்த கப் அவருக்குத்தான்."

கூட்டம் என் பக்கம் திரும்பியது. கைதட்டினார்கள். ஒரு பெண், "இந்த மாதிரி ஹஸ்பண்ட் கெடைக்கணுமே" என்று தன் ஆளைப் பார்த்துச் சொன்னாள். பாராட்டி முதுகில் தட்டிய ஒருவர் சரியாக அந்தத் தோளிலேயே தட்டினார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

லோரி நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தோம். தனேஷ் சங்கிலி எடுக்கப் போயிருந்தான். மாலா லோரியின் பலகையில் உட்கார்ந்து, பொட்டலமாகத் தாபாவ் வாங்கிவந்த மீகூன் நூடுல்ஸைப் பிரித்தாள். கோப்பையைத் தரையில் வைத்திருந்தாள்.

"மாலா."

"ம்."

"உனக்காக மாத்தல. உன்னால திருப்ப முடியாதுன்னு நெனச்சுத்தான் மாத்தினேன். நீ எறங்கணும், நான் ஏறணும்னு. எனக்கு உன்மேல பொறாம. போன வருஷத்துலேருந்து."

வாயில் போட்டதை மென்று விழுங்கினாள். "தெரியும். 'அது மைவி கை'ன்னு தனேஷ் கிட்ட சொன்னீங்களே, அப்ப உங்க சட்டையத்தான் மடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"அப்பறம் எதுக்கு மைக்ல அப்படிச் சொன்ன? என்ன அசிங்கப்படுத்தவா?"

அவள் மீகூனைக் கிளறினாள். கோபம் இல்லை குரலில். அதுதான் என்னை இன்னும் படுத்தியது.

"இந்த பதினெட்டு வருஷத்துல என் கைய நீங்க பாத்ததே அன்னிக்கித்தான். என்னைய நெனச்சுக்கிட்டு நீங்க ஒரு பொருள மாத்தினதும் இது ஒன்னுதான். எதுக்காகங்கறத நான் விட்டுட்டேன். மிச்சத்த வெச்சுக்கிட்டேன்."

தூரத்தில் அடுத்த ஜோடி கிளம்புகிற சத்தம் வந்து அடங்கியது. அவள் பிளாஸ்டிக் கரண்டியை என் பக்கம் நீட்டினாள். இடது கையால் வாங்கி இரண்டு வாய் சாப்பிட்டேன். ஏதாவது கேட்க வேண்டும் என்று இருந்தது. அவளைப் பற்றி, எதையாவது.

"உங்கப்பா வேன் என்ன கலரு?"

மாலா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்க பாத்திருக்கீங்க. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு வாசல்லதான் நின்னுச்சு. அதுமேல சாஞ்சுக்கிட்டு அரைமணி நேரம் போன் பேசினீங்க. நான் உள்ளேருந்து பாத்துக்கிட்டு இருந்தேன்."

நான் யோசித்தேன். அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தேன் என்பது ஞாபகம் இருந்தது. போனில் எந்த எஞ்சினுக்கு விலை பேசினேன் என்பது ஞாபகம் இருந்தது. முதுகில் பட்ட தகரத்தின் சூடுகூட ஞாபகம் இருந்தது. கலர் மட்டும் வரவில்லை.